ஓர் எண், இரண்டு செடிகள்

ஃபிரிட்ஜில் இருந்த கீரையை யார் வாங்கியது என்று மாமனார் போனில் கேட்டபோது அவளுக்குச் சட்டென்று ஒன்றும் உறைக்கவில்லை. கை நிறைய வேலை. முந்தின நாள் ஆற்றங்கரையில் பறித்து, செய்தித்தாள்களுக்கு நடுவே பரப்பி, மரச்சட்டத்துக்குள் இறுக்கிக் கட்டிய செடிகளுக்குத் தாள் மாற்றத் தொடங்கியிருந்தாள். ஈரம் குடித்த தாளை உருவிவிட்டு உலர்ந்த தாளை வைக்க வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் பூஞ்சை பிடித்து, இலை கறுத்து, வெயிலில் அலைந்ததெல்லாம் வீணாகிவிடும்.

"எந்தக் கீரை மாமா?" என்று போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கேட்டாள்.

"கீழ்த்தட்டுல இருந்துச்சே, ஈரப் பேப்பர்ல சுத்தி, பிளாஸ்டிக் பையில. கடைச்சீட்டுகூட கட்டியிருந்துச்சு, ஏதோ நம்பர் போட்டு. வாடிப்போறதுக்குள்ள சூப்பு வெச்சிடலாம்னு அடுப்புல ஏத்திட்டேன்."

அது கடைச்சீட்டு இல்லை, அவள் கட்டிய சீட்டு. அவள் வேலை பார்ப்பது ஒரு ஹெர்பேரியத்தில், அதாவது செடிக் காப்பகத்தில். காட்டுச் செடிகளைப் பறித்து, அழுத்தி, உலர்த்தி, அட்டையில் ஒட்டி, பெயர் எழுதி, இரும்பு அலமாரிகளில் காலாகாலத்துக்கும் அடுக்கிவைக்கிற இடம். பறிக்கிற ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைச் சொன்னால் எந்தக் கரை, எந்த மண், அன்றைக்கு வெயிலா மேகமா என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். மற்றவர்களுக்கு அது வெறும் நம்பர். நேற்று மழை துரத்த ஓடிவந்து சேர்ந்தபோது அலுவலகம் பூட்டிக் கிடந்தது. சட்டத்திலும் இடமில்லை. மீந்த கிளைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்தாள். காலையில் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த அவசரத்தில் பையை மறந்துவிட்டாள். வீட்டு ஃபிரிட்ஜில் செடியை வைக்கக் கூடாது என்பது விதி. செடி பறிக்கிறவர்கள் எல்லாரும் வைப்பார்கள், கேட்டால் ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அது தன் சாமான், அடுப்பை அணையுங்கள் என்றாள்.

"எனக்கும் அப்படி ஒரு சந்தேகம்தான், அதான் கேட்டேன். ஆனா வெந்துபோச்சேம்மா. வெந்ததை ஒட்டியா வைக்கப்போறே? சாப்பிடலாமா கூடாதா, அதை மட்டும் சொல்லு. விஷம்னு கதை விடாதே."

கதை விடாதே என்று அவர் சொல்லக் காரணம் இருந்தது. கணவனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். மாமனார் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலையை விட்ட மறுநாளே சமையலறையைக் கைப்பற்றிக்கொண்டார். கண்ணில் பட்ட பச்சையெல்லாம் அவருக்குச் சமையல் சாமான்தான். அவரிடமிருந்து தன் செடிகளைக் காப்பாற்ற, ஜன்னலில் காய்கிற விதையிலிருந்து பரணில் தொங்குகிற வேர்வரை எல்லாவற்றையும் விஷம் விஷம் என்று சொல்லிவைத்திருந்தாள் அவள். ஒருநாள் விஷம் என்று சொன்ன விதையை அவளே உடைத்து வாயில் போட்டுக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார். அதோடு அந்த வீட்டில் விஷம் என்ற வார்த்தைக்கு மரியாதை போய்விட்டது.

வயிற்றெரிச்சலோடு அவள் உண்மையைச் சொன்னாள். "விஷமெல்லாம் இல்ல. காட்டுக் கேரட். சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. ஆனா மாமா, இனிமே என்னைக் கேக்காம..."

"நீ சொன்னா போதும். லேசா எலி வாடை அடிக்குது, மிளகைத் தட்டிப் போட்டா போயிடும்."

சமையலறையில் ஓர் எலி கொஞ்ச நாளாக அவருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. பொறியைப் பாருங்கள், மாட்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். நல்ல வேளை, சட்டத்துக்குள் அதே எண்ணில் இன்னும் சில கிளைகள் இருக்கின்றன என்று மனசைத் தேற்றிக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள்.

அந்த எண்ணுள்ள முதல் மடிப்பைத் திறந்தாள். நல்ல மாதிரி. இலைகள் விரிந்து படிந்திருந்தன, வெள்ளைப் பூங்கொத்து குடை சாய்ந்தாற்போல் கிடந்தது. தண்டில் சொரசொரவென்று ரோமம். தாளை மாற்றினாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது மடிப்பைத் திறந்து, ஈரத்தாளை உருவ விரலைக் கொடுத்தவள், தண்டின் மேல் விரல் வழுக்கியதை உணர்ந்தாள்.

விரலை எடுத்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது. விளக்கை இழுத்து, கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கண்ணில் வைத்தாள். ஒரு ரோமம் இல்லை. தண்டு முழுக்க, மை தெறித்ததுபோல், ஊதாப் புள்ளிகள்.

கொத்தமல்லி, கேரட், சீரகம் எல்லாம் ஒரே குடும்பம். பூ ஒரே மாதிரி குடை, இலை ஒரே மாதிரி கிழிசல். ஊருக்குச் சோறு போடுகிற அதே குடும்பத்தில் கழுத்தை அறுக்கிற உடன்பிறப்பும் ஒன்று உண்டு, ஹெம்லாக் என்று பெயர், தின்றால் ஆளைக் கொல்லும். தண்டு வழுவழுப்பு, ஊதாப் புள்ளி. கசக்கினால் எலி வாடை.

எலி வாடை. அவர் சொன்னார். அவள் பொறியைப் பார்க்கச் சொன்னாள்.

நேற்று நடந்தது அத்தனையும் கண்முன் வந்து நின்றது. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் கரைமேல் சட்டத்தோடு நின்றாள். காப்பகத்தில் செடிகளை அட்டையில் ஒட்டுகிற ஆள், எல்லாரும் பசை என்று கூப்பிடுகிற, மெல்லப் பேசுகிற பையன், கீழே புதருக்குள் இறங்கி வெட்டி வெட்டிக் கொடுத்தான். முதல் கிளையை லென்ஸ் வைத்துப் பார்த்தாள், ரோமம் இருந்தது, எண் போட்டாள். பிறகு வந்ததையெல்லாம் பார்க்காமல் வாங்கி வாங்கித் திணித்தாள். ஒரே புதர் என்று நினைத்தாள். பின்னிக்கொண்டு வளர்ந்த இரண்டு செடிகள்.

ஓர் எண்ணுக்கு ஒரு செடிதான். கலந்துவிடுவது இந்தத் தொழிலில் பெரிய மானக்கேடு. போன மாதம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் இதே தப்பைச் செய்தபோது அவளை அழவிட்டு அனுப்பியவள் இவள். ஒவ்வொரு செடியின் பெயரையும் இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்று காப்பகத்தில் ஒரு முறை இருந்தது. இவள் பார்த்ததை மறுபடி பார்க்க மட்டும் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. இவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. போனை ஃபிரிட்ஜ் தலையில் வைத்துவிட்டு ரேடியோவை அலற விடுவது அவர் வழக்கம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு முகவரி சொன்னாள். மறுபடி வீட்டுக்கு அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. அந்த மடிப்பையும் முதல் மடிப்பையும் அப்படியே சுருட்டிக்கொண்டு ஒட்டும் அறைக்கு ஓடினாள். பசை ஒரு செடியின் வேரை ஒட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளிறிப்போயிற்று.

"நான்தானேக்கா வெட்டினேன்" என்றான்.

"வெட்டினது நீ. பாத்தது நான். வண்டியை எடு."

ஸ்கூட்டரின் பின்சீட்டில் அவள் விடாமல் போனை அடித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் உயிர் போய் உயிர் வந்தது. அந்த மனிதர் மெதுவாகச் சாப்பிடுகிறவர் இல்லை. எஞ்சினில் நின்றபடியே தின்று பழகியவர், தட்டில் விழுந்தது அடுத்த நிமிஷம் இருக்காது. கடவுளே, இன்றைக்கு மட்டும் சூடு ஆறட்டும் என்று காத்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிப் பழக்கமில்லாததால் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அவள் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தபோது ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமனார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு கிண்ணம், நிறைய. பக்கத்தில் ரொட்டித் துண்டு.

"வா வா. உனக்கும் எடுத்து வெச்சிருக்கேன்."

அவர் இன்னும் தொடவில்லை என்று நினைத்தாள். "சாப்பிடலையே மாமா?"

"ஒரு கிண்ணம் ஆச்சு. இது ரெண்டாவது."

அவள் கிண்ணத்தைப் பிடித்தாள். அவரும் விடாமல் பிடித்துக்கொண்டார். அது விஷம் என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் கரண்டி கலகலத்தது. அவளுடைய செடியைத் தின்றுவிட்ட கோபம், திட்டுவதானால் திட்டிக்கொள்ளட்டும், அதற்காக வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து வயசானவனைப் பயமுறுத்த வேண்டுமா என்றார். கதவருகில் நின்ற பசை, அக்கா சொல்வது நிஜம் என்று மெல்லச் சொன்னான். "நாடகத்துக்கு இவனையும் கூட்டிட்டு வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு ஒரு கரண்டி அள்ளினார். அவள் அந்தக் கையைப் பிடித்தாள். சூப் மேசையில் சிந்தியது. இப்போது அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"இங்க பாரு. சாப்பிடலாமான்னு உன்னைக் கேட்டேன். ஒண்ணும் ஆகாதுன்னு நீதான் சொன்னே. செடி விஷயத்துல நீ சொல்லி தப்பானது கிடையாது. இப்ப வந்து மாத்திச் சொன்னா எதை நம்பறது?"

விஷம் என்று அவள் சொன்னால் பொய்; செடியின் பெயரை அவள் சொன்னால் வேதம். இரண்டும் அவளே பாடுபட்டு அந்த வீட்டில் சம்பாதித்து வைத்திருந்த பெயர்கள். இரண்டும் சேர்ந்து இப்போது அவள் வாயை அடைத்தன. சுருட்டி வந்த தாள்களை மேசையில் விரித்து, ரோமம் இருக்கிற தண்டையும் இல்லாத தண்டையும் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, ரெண்டும் ஒண்ணு போலத்தானே இருக்கு என்றார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் போனது ரத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கத்தினால் இந்த மனிதர் இன்னும் முறுக்கிக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும்.

வெளியே கிளம்பும்போதெல்லாம் அந்த வீட்டில் ஒரு கூத்து நடக்கும். "அடுப்பு அணைச்சாச்சு" என்று அவர் உரக்கச் சொல்வார். "அணைச்சாச்சு" என்று அவள் போய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வாசலைத் தாண்ட மாட்டார். எஞ்சினில் வந்த பழக்கம் அது. ஒவ்வொரு சிக்னலையும் ஓட்டுகிறவர் பார்த்துச் சொல்வார், பக்கத்தில் நிற்கிற துணை ஓட்டுநர் தன் கண்ணால் பார்த்துத் திருப்பிச் சொல்வார். இரண்டு வாய் ஒன்றைச் சொன்னால்தான் வண்டி நகரும்.

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மாமா, நேத்து சிக்னலை நான் ஒருத்திதான் பாத்தேன். திருப்பிச் சொல்ல ஆள் இல்ல. தப்பா பாத்துட்டேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார். கையை நீட்டி ரேடியோவை அணைத்தார்.

"சிக்னலைத் தாண்டி எவ்வளவு தூரம் வந்துட்டேன்?" என்று கேட்டார்.

"தெரியல மாமா. இன்னும் நிறுத்தலாம்."

அவர் மேசையை ஊன்றி எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார். கால் மரத்துப்போயிருக்கிறது, உட்கார்ந்த வாக்கில் இருந்ததால் இருக்கும் என்றார். ஆனால் அவர் குரலில் அந்த நம்பிக்கை இல்லை. கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

மாடிப்படி குறுகல், ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. சாப்பாட்டு நாற்காலியிலேயே அவரை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பசை முன்னால் கால் பக்கம் பிடித்துக்கொண்டான். அவள் அவர்களோடு ஓடவில்லை. குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள். இலையையும் இளந்தண்டையும் நறுக்கிக்கொண்டு அடித்தண்டை அவர் வெட்டி எறிந்திருப்பார் என்று தெரியும், சமையலில் அவ்வளவு நறுவிசு. வெங்காயத் தோலுக்கு நடுவே தண்டுகள் கிடந்தன. அத்தனையையும் பொறுக்கி ஒரு பாத்திரத்தில் போட்டு, மிச்சமிருந்த சூப்பையும் மூடி எடுத்துக்கொண்டு படிகளில் தாவினாள்.

மருத்துவமனை சின்னது. அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் அவளைவிட இளையவள், கொண்டையில் ஒரு பேனாவைச் செருகியிருந்தாள். வயிற்றைக் கழுவக் குழாய் போட்டபடியே, என்ன செடி, எவ்வளவு சாப்பிட்டார் என்று கேட்டாள். அவள் சொன்னாள். கலந்துபோன கதையையும் சொன்னாள். சாப்பிடலாம் என்று சொன்னது தான்தான் என்பதையும் மறைக்கவில்லை. டாக்டர் அதைக் கேட்டு முகத்தைச் சுளிக்கவில்லை, அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

"நீங்க சொல்ற செடின்னா கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும். கடைசியில மூச்சுத் தசை நின்னுடும். மெஷின்ல போட்டுத் தாங்கினா பிழைப்பாரு. ஆனா காலியா இருக்கறது ஒரே ஒரு மெஷின், அதுவும் ஒரு ஆபரேஷனுக்குத் தயாரா வெச்சிருக்காங்க. அதைத் தள்ளிப்போடச் சொல்லணும்னா யூகமா சொல்ல முடியாது. புதருல ரெண்டும் இருந்துச்சுங்கறீங்க. பானைக்குள்ள எது போச்சு? நிச்சயமா தெரியுமா?"

நிச்சயமா என்று அவளை யாரும் கேட்டு வருஷக்கணக்காயிற்று. ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. அந்த வாயை நம்ப அவளுக்கே பயமாக இருந்தது. "கொஞ்சம் நேரம் குடுங்க. பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு ஸ்ட்ரெச்சர் வண்டி கிடந்தது. அதன்மேல் செய்தித்தாளை விரித்து, தண்டுகளைக் கொட்டினாள். ஒரு தண்டை எடுத்து லென்ஸில் பார்த்து, பசையிடம் நீட்டினாள்.

"ரோமம். நீ பாத்துச் சொல்லு."

"ரோமம்" என்றான் அவன் உடனே.

"நான் சொன்னேன்னு சொல்லாதே. லென்ஸை வாங்கி, உன் கண்ணுல தெரியறதைச் சொல்லு."

அவன் வாங்கிப் பார்த்தான். "ரோமம்தான்கா." அது இடது பக்கம் போயிற்று. அடுத்தது. "வழுவழு." "வழுவழு, புள்ளி இருக்கு." அது வலது பக்கம். "ரோமம்." "ரோமம்." அந்த வழியாகப் போன ஒரு நர்ஸ் இரண்டு பேரையும் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனாள். மாமனார் படுத்திருந்த அறையிலிருந்து யாரோ ஆழமாக மூச்சு விடச் சொல்வது கேட்டது. இன்னும் ஆழமாக, இன்னும் என்றது அந்தக் குரல்.

"வழுவழு" என்றாள் அவள்.

பசை பார்த்தான். தயங்கினான். "இல்லக்கா. கணுவுக்குக் கீழ ரோமம் இருக்கு. மேல கத்தியில சீவியிருக்காரு."

அவள் பிடுங்கிப் பார்த்தாள். இருந்தது. பயந்த கண்ணுக்கு அது தேடுவது மட்டும்தான் தெரிகிறது. தண்டை இடது பக்கம் மாற்றி வைத்தாள். நேற்றுக் கரையிலும் ஒருத்தர் இப்படிச் சொல்லியிருக்கலாம், ஆனால் நேற்று அவள் யாரையும் கேட்கவில்லை.

முடித்தபோது இடது பக்கம் பெரிய குவியல். வலது பக்கம் ஒரு கைப்பிடி. ஊதாப் புள்ளிகளோடு, வழுவழுவென்று, மறுக்க வழியில்லாமல் ஒரு கைப்பிடி. அதன் இலைகள் இப்போது அவர் உடம்பில்.

டாக்டரிடம் இரண்டு குவியலையும் காட்டினாள். "நிச்சயம். ரெண்டு பேர் பாத்தோம்."

டாக்டர் வேறெதுவும் கேட்கவில்லை. மேல்மாடிக்குப் போன் போட்டாள். ஆபரேஷன் தள்ளிப்போயிற்று, மெஷின் இறங்கி வந்தது. அதற்குள் மாமனாரின் கைகள் தூக்க முடியாமல் கிடந்தன. மூச்சு மேல்மூச்சாக ஓடியது. ஆனால் கண் தெளிவாக இருந்தது. இந்த விஷத்தின் கொடுமை அதுதான். உடம்பை ஒவ்வோர் அறையாகப் பூட்டிக்கொண்டு போகும், உள்ளே இருக்கிற ஆளைக் கடைசிவரை விழித்திருக்க வைக்கும். தொண்டையில் குழாய் போடுவதற்கு முன் அவர் கண்ணால் அவளைக் கூப்பிட்டார். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"எலியைப் போய் சந்தேகப்பட்டியேம்மா" என்றார், பாதி காற்றும் பாதி குரலுமாக.

அவள் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கப்பலில் இருந்த கணவனுக்குச் சொன்னாள். தான் சாப்பிடலாம் என்று சொன்னதையும் சேர்த்தே சொன்னாள். அலைச் சத்தமா போன் இரைச்சலா என்று தெரியாத ஏதோ கேட்டது. பிறகு, "அப்பா பக்கத்துலயே இரு" என்றான். மன்னித்துத்தான் அப்படிச் சொன்னானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது, கேட்கவும் தைரியம் வரவில்லை.

அவர் பக்கத்திலேயே இருந்தாள். மெஷின் அவருக்காக மூச்சு விட்டது. இமைகூடத் தூக்க முடியவில்லை, ஆனால் எல்லாம் கேட்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பார்த்தாள், அது அவளுக்கே நாடக வசனம் மாதிரி இருந்தது. கடைசியில் திரையில் ஓடுகிற கோட்டைப் பார்த்துக்கொண்டு, "மூச்சு ஓடுது மாமா" என்று உரக்கச் சொன்னாள். திருப்பிச் சொல்ல ஆளில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி சொன்னாள். நர்ஸ்கள் மாறினார்கள், வெளிச்சம் போய் வந்தது. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுநாள் ஏதோ ஒரு வேளையில், பழக்கத்தில் வாய் முணுமுணுத்தபோது, அவள் உள்ளங்கையில் இருந்த அவர் விரல் அசைந்தது. கையின் துடிப்பாக இருக்கும், தன் ஆசையாக இருக்கும் என்று நினைத்தாள். மறுபடி சொன்னாள். "மூச்சு ஓடுது மாமா." விரல் அவள் கையை ஒரு தரம் அழுத்தியது.

ஓடிப்போய் நர்ஸைக் கூட்டி வந்து, நீங்களும் பாருங்கள் என்றாள்.

அவர் பிழைத்தார். கால் பழையபடி ஆகவில்லை, கைத்தடி பிடித்துக்கொண்டார். காப்பகத்தில் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார், அவள் நடந்ததைச் சொன்னாள். அந்த எண் இரண்டாகப் பிரிக்கப்பட்டது, செடிக்கு ஓர் அட்டை. இரண்டாவது அட்டையில் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கிய ஒரு தண்டையும் வைக்கச் சொன்னாள். கத்தி பட்ட வெட்டு தெரிகிறதே, அந்த முனையை நறுக்கி ஒட்டட்டுமா என்று பசை கேட்டான். அப்படியே ஒட்டு என்றாள். பிறகு, தான் அழவிட்ட அந்தப் பயிற்சிப் பெண்ணைக் கூப்பிட்டுத் தன் அலமாரிகளின் சாவியைக் கொடுத்தாள். இவள் இத்தனை வருஷமாகப் பெயர் எழுதியதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக மறுபடி பார்க்கப்படுகிறது. சில தப்புகள் ஏற்கெனவே அகப்பட்டுவிட்டன. அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் தயங்கித் தயங்கி வந்து சொல்கிறாள், ஒவ்வொரு தடவையும் இவளுக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது.

செடிகள் இப்போது வீட்டுக்கு வருவதில்லை. அவளுடைய பழைய லென்ஸ் ஒன்று மட்டும் சமையலறை ஆணியில் கயிற்றோடு தொங்குகிறது. அவர் கேட்டு வாங்கிக்கொண்டது.

ஒருநாள் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. ஜன்னலோரம் கைத்தடியைச் சாய்த்துவிட்டு, கடையில் வாங்கி வந்த கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தண்டாக லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தார் மாமனார். பலகையில் கத்தி காத்திருந்தது.

"புள்ளி இல்ல" என்றார் உரக்க.

அவளுக்கு அலுப்பு. பை இன்னும் தோளில் இருந்தது. கடைக் கொத்தமல்லிதானே என்று, "இல்ல மாமா" என்றாள் வாசலிலிருந்தே.

அவர் கத்தியை எடுக்கவில்லை. திரும்பி அவளைப் பார்த்தார். கோபமில்லை, சிரிப்பும் இல்லை.

"பாக்காம சொல்லாதேம்மா."

அவள் பையை இறக்கி வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவர் கையிலிருந்து லென்ஸை வாங்கி, வெளிச்சத்தில் ஒவ்வொரு தண்டாகத் திருப்பிப் பார்த்தாள். கடைசித் தண்டுவரை பார்த்தாள்.

"புள்ளி இல்ல" என்றாள்.

அவர் நறுக்கத் தொடங்கினார்.